எட்டு எட்டாக எண்ணிக் கேட்கிறேன்

கோயம்புத்தூரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆன ஒரு தம்பி போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். என் இசைத்தட்டு அடுக்கைப் பார்த்துவிட்டு ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்டார். "அங்கிள், இப்போ என்ன கேட்டுக்கிட்டு இருக்கீங்க? மேடை நாடகப் பாட்டு, வெஸ்டர்ன் கிளாசிக்கல், ஜாஸ் மூணும் ஒரே ஆளுக்கு எப்படிப் பிடிக்குது? நான் கர்நாடக சங்கீதமும் இளையராஜாவும் கேட்டு வளர்ந்தவன். ஜாஸ் போட்டா ஆளுக்கொரு பக்கம் போற மாதிரி இருக்கு. எங்கே ஆரம்பிக்கிறது?" அன்று மேசையில் பிரேயானி ஆறிக்கொண்டிருந்தது, ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

தம்பி, இந்த மாதம் என் தட்டுச் சுழலியை விட்டு இறங்காதவை மூன்று. ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் வாசித்த 'மை ஃபேவரிட் திங்ஸ்'. நம் கேப் டவுன்காரர் அப்துல்லா இப்ராஹிமின் 'மானன்பர்க்'. பாக் தனி வயலினுக்கு எழுதிய டி மைனர் ஷகோன். முதலாவது நியூயார்க் நாடக மேடையிலிருந்து ஜாஸுக்கு வந்தது, இரண்டாவது இந்த நாட்டு ஜாஸ், மூன்றாவது 1720-இல் ஜெர்மனியில் ஒருவர் மையில் எழுதி வைத்தது. மூன்றும் பதின்மூன்று நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும். மூன்றிலும் ஒரு சின்னச் சுற்று திரும்பத் திரும்ப வருகிறது, அதன் மேல்தான் எல்லாம் கட்டப்படுகிறது. நான் மூன்று வகை இசை கேட்கிறேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. சுற்று எங்கே முடிகிறது, எங்கே மறுபடி தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டே கேட்பவன் நான்.

இதைக் கற்றுக்கொடுத்தது ஜாஸ் இல்லை, என் அப்பா. டொங்காட் பக்கம் கரும்புத் தோட்ட பாரக்ஸில் பிறந்தவர். தெருக்கூத்துக்கு ஆர்மோனியம் வாசிப்பார். இந்த ஊரில் தெருக்கூத்தை 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்பார்கள், நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கட்டியங்காரன் கதையை விட்டுவிட்டு யாரோ ஒரு சர்தாரின், அதாவது தோட்டக் கங்காணியின், தொப்பையைப் பற்றிக் கிண்டல் பேசப் போய்விடுவான். அவன் திரும்பி வரும்வரை அப்பா அந்த நாலு வரியை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து தாளம் தட்டும் எனக்குத் தூக்கம் வரும். "சுத்தை விடாதேடா" என்று முழங்கையால் இடிப்பார். அறுபது வருஷம் ஆகிறது. இன்னும் எந்த இசையைக் கேட்டாலும் அந்த முழங்கைதான் ஞாபகம் வருகிறது.

உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். ஆளுக்கொரு பக்கம் போவதாகத் தோன்றுவது சமம், அதாவது சுற்று தொடங்குகிற அடி, எங்கே என்று தெரியாததால்தான். தாளம் தெரியாதவர் நம் தனி ஆவர்த்தனத்தைக் கேட்டால் அவருக்கும் அப்படித்தான் இருக்கும். ஜாஸுக்கும் ஆவர்த்தனம், அதாவது தாளச் சுற்று, உண்டு. அதை அவர்கள் கோரஸ் என்பார்கள். பெரும்பாலும் முப்பத்திரண்டு பார். தாளத்தின் ஒரு சின்னக் கட்டுக்குத்தான் பார் என்று பெயர். அந்த முப்பத்திரண்டு எங்கிருந்து வந்தது? நாடகப் பாட்டிலிருந்து. 1920, 30-களில் நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களுக்குப் பாட்டு எழுதிய ஜெரோம் கெர்ன், ஜார்ஜ் கெர்ஷ்வின், ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் போன்றவர்கள் ஒரு அச்சு வைத்திருந்தார்கள். எட்டு பார் ஒரு மெட்டு, அதே மெட்டு இன்னொரு தடவை, எட்டு பார் வேறு மெட்டு, கடைசியில் பழைய மெட்டு. பல்லவி, பல்லவி, அனுபல்லவி, பல்லவி என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான ஒப்புமை இல்லை, ஆனால் கணக்குக்குப் போதும்.

கையில் ஆதி தாளம் போடத் தெரியும் அல்லவா? ஒரு பாருக்கு நான்கு அடி. ஆகவே இரண்டு பார் ஒரு ஆதி தாளம், எட்டு பாருக்கு நான்கு ஆவர்த்தனம், முழுப் பாட்டுக்குப் பதினாறு. இதை வைத்துக்கொண்டு ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தட்டில் முதல் உருப்படியைப் போடுங்கள். 'சோ வாட்' என்று பெயர். தொடக்கத்தில் தாளமில்லாத சின்ன முன்னுரை ஒன்று வரும், அதை விட்டுவிடுங்கள். பிறகு பாஸ் (கீழ்க்குரலில் ஒலிக்கிற பெரிய தந்தி வாத்தியம்) ஒரு வரி சொல்லும், மற்றவர்கள் இரண்டே சத்தத்தில் பதில் சொல்வார்கள். கூத்தில் பின்பாட்டு வாங்குவது போலத்தான். நான்கு ஆதி தாளம் முடிந்ததும் அதே வரி இன்னொரு தடவை வரும். அடுத்த நான்கில் தம்புராவை யாரோ அரைச் சுருதி ஏற்றிவிட்டது போல எல்லாம் ஒரு படி மேலே போகும். அதற்கடுத்த நான்கில் கீழே இறங்கி வீட்டுக்கு வந்துவிடும். அவ்வளவுதான் சட்டம். சுரம் என்று பார்த்தால் நம் கரகரப்ரியாவின் ஏழு சுரமும் அப்படியே இருக்கும். கமகம் இல்லாத கரகரப்ரியா என்று முகம் சுளிக்காதீர்கள், பொறுமையாகக் கேளுங்கள். அந்தச் சட்டத்துக்குள் மைல்ஸ் இரண்டு முழுச் சுற்று வாசிப்பார், அடுத்து கோல்ட்ரேன் இரண்டு, அடுத்து கேனன்பால் ஆடர்லி இரண்டு. அந்த அரைச் சுருதி ஏற்றத்தை ஒவ்வொரு தடவையும் பிடித்துவிட்டீர்கள் என்றால் உங்களுக்கு ஜாஸ் கேட்கத் தெரிந்துவிட்டது. மீதி எல்லாம் பழக்கம்.

எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. நம் கை ஒன்றில் தட்டத் துடிக்கும். இங்கே ஜாஸ் கேட்கிறவர்கள் இரண்டிலும் நாலிலும் விரல் சொடுக்குவார்கள். ஒரு கச்சேரியில் நான் மட்டும் ஒன்றில் தட்டிக்கொண்டிருந்தேன். முன் வரிசை அம்மாள் திரும்பிப் பார்த்த பார்வை, கோயிலில் செருப்போடு நுழைந்தவனைப் பார்க்கிற பார்வை.

நாடகம் செத்துப்போய் அதன் பாட்டு மட்டும் பிழைத்துக்கொள்வதும் உண்டு. கெர்ன் 1939-இல் இசையமைத்த 'வெரி வார்ம் ஃபார் மே' ஐம்பத்தொன்பது தடவைதான் மேடையேறியது. படுதோல்வி. அதிலிருந்த 'ஆல் தி திங்ஸ் யூ ஆர்' என்ற பாட்டை இன்றைக்கும் ஜாஸ் படிக்கிற எந்த மாணவனும் வாசிக்காமல் தப்ப முடியாது. அதில் ஒரு குறும்பு இருக்கிறது. கடைசிப் பகுதி எட்டு பாரில் முடியாமல் பன்னிரண்டுக்கு நீளும், மொத்தம் முப்பத்தாறு. தெரியாமல் எண்ணினால் நீங்கள் சமத்துக்கு வந்து நிற்பீர்கள், பாட்டு இன்னும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும். ஜாஸ்காரர்கள் ஏன் நாடகப் பாட்டை விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்றால், கேட்கிறவர்களுக்கு அது ஏற்கெனவே மனப்பாடம். நம் சபாவில் எல்லோருக்கும் தெரிந்த கிருதியை எடுத்து நிரவல் செய்தால்தானே பாடகர் எங்கே விலகுகிறார் என்பது புரியும்? மூலம் தெரியாவிட்டால் விலகல் தெரியாது. அதனால்தான் ஜாஸுக்கு முன்னால் நாடகப் பாட்டைக் கேளுங்கள் என்கிறேன்.

'மை ஃபேவரிட் திங்ஸ்' இதற்கு நல்ல சாட்சி. ராட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்துக்காக எழுதியது. நாடகம் நியூயார்க்கில் திறந்த நாள் 1959 நவம்பர் 16. அதற்குச் சரியாகத் தொண்ணூற்றொன்பது வருஷம் முன்னால், 1860 நவம்பர் 16 அன்றுதான், மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நம் முதல் கூலிகளோடு டர்பனுக்கு வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் இந்த ஊர்த் தமிழன் எவனுக்கும் அந்தத் தேதியைக் கண்டால் காது நிமிரும். மேடையில் அது கதாநாயகி மரியாவும் மடத்துத் தலைவியும் சேர்ந்து பாடும் பாட்டு. 1965 படத்தில்தான் இடி மழைக்குப் பயந்த பிள்ளைகளுக்குப் பாடுவதாக மாற்றினார்கள். மூன்றடித் தாளம், துள்ளலான மெட்டு.

1960 அக்டோபரில் கோல்ட்ரேன் அதைக் கையில் எடுத்தார். அப்போது அவர் புதிதாகப் பிடித்திருந்தது சோப்ரானோ சாக்ஸபோன். கண்ணை மூடிக் கேட்டால் நாதஸ்வரத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற குரல். மெட்டை ஒருமுறை சொல்லிவிட்டு, நடுவில் இரண்டு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக் கொத்தை, மட்டும் வைத்துக்கொண்டு அந்த இடத்தை அகலமாகத் திறந்துவிடுகிறார். மெக்காய் டைனரின் பியானோ அந்த இரண்டையும் ஆட்டிக்கொண்டே இருக்கிறது. அப்பாவின் ஆர்மோனியம்தான். ஈ மைனரில் கொஞ்ச நேரம், ஈ மேஜரில் கொஞ்ச நேரம். சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாக மாறுகிற அந்தக் கணத்தைக் கவனியுங்கள். இருட்டு அறையில் யாரோ ஜன்னலைத் திறந்தது போல இருக்கும். இந்திய இசை மீது அவருக்கு இருந்த ஆசை ஊரறிந்தது. ரவிசங்கர் நினைவாக மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார்.

இதே காந்தார மாற்றம் பாக்கின் ஷகோனிலும் இருக்கிறது. அதனால்தான் இரண்டையும் அடுத்தடுத்துப் போடுகிறேன். நான்கு பார் நீளமுள்ள ஒரு அடித்தளம். அது அறுபது தடவைக்கு மேல் திரும்ப வருகிறது, ஒவ்வொரு தடவையும் மேலே வேறு வேலைப்பாடு. ஒற்றை வயலின், பக்கவாத்தியம் கிடையாது, தம்புரா கிடையாது. முதல் பாதி முழுக்க டி மைனர். நடுவில் எந்த அறிவிப்பும் இல்லாமல் டி மேஜருக்கு மாறும். நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது, அந்த இடத்தில் கையிலிருக்கிற டீயை இன்னும் கீழே வைத்துவிடுகிறேன். பிறகு மறுபடி மைனருக்கே போய் முடியும். வார்த்தை ஒன்றுமில்லாத ஒப்பாரி அது. டர்பன் வெயிலில் மத்தியானம் கேட்கக் கூடாது. விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

கிளாசிக்கல் என்றதும் நீங்கள் முதலில் பெரிய சிம்பொனிகளுக்குப் போய் அலுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே சுற்று நீளம் அதிகம், ஆரம்பத்தில் பிடிபடாது. சுற்றுத் தெரிகிற உருப்படிகளாகப் பொறுக்கிக் கேளுங்கள். பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' 1741-இல் அச்சானது. முப்பத்திரண்டு பார் கொண்ட ஒரு ஏரியா (பாட்டு போன்ற ஒரு மெட்டு), அதன் பாஸ் வரி மேல் முப்பது மாற்றங்கள், கடைசியில் மறுபடி அதே ஏரியா. பிராட்வேக்காரர்களின் முப்பத்திரண்டும் இந்த முப்பத்திரண்டும் தற்செயலாக ஒத்துப்போகின்றன, அதைப் பெரிதாக்க வேண்டாம். ஆனால் ஜாஸில் பழகிய விரல் இங்கே உதவும். பியானோக்காரர் க்ளென் கூல்ட் இதை இளைஞனாக 1955-இல் ஒருமுறையும், 1981-இல் ஒருமுறையும் பதிவு செய்தார். முதலாவது சுமார் முப்பத்தெட்டு நிமிடம், இரண்டாவது ஐம்பத்தொன்று. பின்னதில் சில பகுதிகளை இரண்டு தடவை வாசித்ததும் ஒரு காரணம், ஆனாலும் காலப்பிரமாணமே வேறு. முதலாவதில் விரல் ஓடுகிறது, இரண்டாவதில் மூச்சு ஓடுகிறது. எல்லோரும் இரண்டாவதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு முதலாவதுதான். வயதானவன் இளமையைத்தான் கேட்க விரும்புவான்.

பிராம்ஸின் நான்காம் சிம்பொனியின் கடைசிப் பகுதியும் இதே வம்சம். எட்டு சுரம், எட்டு பார், அதன் மேல் முப்பது மாற்றங்கள். இதை நான் நேரில் கேட்டது சிட்டி ஹாலில், நம் குவாஸுலு-நேட்டால் ஃபில்ஹார்மானிக் வாசித்தபோது. விரலை மடக்கி எண்ணிக்கொண்டே போனேன், பதினாறில் தொலைத்துவிட்டேன். நடுவில் புல்லாங்குழல் தனியாக வருகிற இடத்தில் எண்ணுவதை மறக்காதவர் எவரும் இருக்க முடியாது. அவர்களுக்கு வியாழக்கிழமை மாலைக் கச்சேரிகள் உண்டு. உங்கள் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம்தான். 1910-இல் கட்டின மண்டபம், எதிரே ப்ளேஹவுஸ்.

நாடகப் பாட்டுக்குத் திரும்புகிறேன், இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. லெனார்ட் பெர்ன்ஸ்டைனின் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' 1957-இல் மேடையேறியது. அதில் 'மரியா' என்று ஒரு பெயரைப் பாடுவார்கள். மூன்று எழுத்து, மூன்று சுரம்: ஸ, பிரதி மத்யமம், ப. கல்யாணி தெரிந்தவன் காதுக்கு இது பழைய உறவு. அந்த மத்யமம் பஞ்சமத்துக்கு ஏங்குவதுதான் அங்கே காதல். அதே ஏக்கத்தை நாடகம் முழுக்கச் சண்டைக்கும் பயன்படுத்தியிருக்கிறார், அதுதான் கெட்டிக்காரத்தனம். இன்னொரு நாடகப் பாட்டுக்காரர் ஸ்டீபன் சாண்ட்ஹைம் உங்களுக்கு உடனே பிடிக்காது, சொல்லிவிடுகிறேன். வார்த்தை வேகம் அதிகம், மெட்டு உடனே ஒட்டாது. ஒரு வருஷம் கழித்து 'எ லிட்டில் நைட் மியூசிக்' போடுங்கள். ஏறக்குறைய எல்லாப் பாட்டும் மூன்றின் கணக்கில் இருக்கும், திஸ்ர நடையை விட்டு இறங்காமல் ஒருத்தர் முழு நாடகம் எழுதியிருக்கிறார் என்று வியந்துகொண்டே கேட்கலாம்.

அமெரிக்காவையே பேசிக்கொண்டிருந்தால் இந்த ஊர்க்காரர்கள் என்னை அடிப்பார்கள். 1959 பிப்ரவரியில் ஜோஹானஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழக மண்டபத்தில் 'கிங் காங்' என்ற ஜாஸ் இசை நாடகம் அரங்கேறியது. எஸேக்கியல் ட்லாமினி என்ற குத்துச்சண்டை வீரனின் கதை. இசை டாட் மட்ஷிகிஸா. கள்ளச் சாராயக் கடை நடத்துகிற பெண்ணாக மிரியம் மக்கேபா. பல்கலைக்கழக மண்டபம் என்பதால் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. அந்தக் காலத்தில் அப்படி உட்காருவது எளிதில் கிடைக்கிற காரியமில்லை. அந்த நாடகத்தின் இசைக்குழுவில் இருந்த கிப்பி முகெட்ஸி, ஹ்யூ மஸக்கேலா, ஜோனஸ் குவாங்வா மூவரும் அப்துல்லா இப்ராஹிமோடு சேர்ந்து 'ஜாஸ் எபிஸில்ஸ்' என்ற பெயரில் 1960 தொடக்கத்தில் ஒரு தட்டு போட்டார்கள். அப்போது அவருக்கு டாலர் பிராண்ட் என்று பெயர். இந்த நாட்டுக் கறுப்பின ஜாஸ் குழு ஒன்று போட்ட முதல் நீண்ட தட்டு அது. மார்ச்சில் ஷார்ப்வில்லில் கறுப்பின மக்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு. பிறகு அவர்களில் பலர் ஒவ்வொருவராக நாட்டை விட்டுப் போனார்கள். 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்', 'கிங் காங்' மூன்றுக்கும் 1959 ஒரே வருஷம். டேவ் ப்ரூபெக்கின் 'டேக் ஃபைவ்' பதிவானதும் அதே வருஷம்தான். அது ஐந்தடி, ஆனால் நம் கண்ட சாபு போல இரண்டும் மூன்றும் இல்லை, மூன்றும் இரண்டும். அவருடைய மகன் டேரியஸ் 1980-களில் இங்கே நேட்டால் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஜாஸ் பாடம் நடத்தினார் என்பது டர்பன்காரர்களுக்கு ஒரு பெருமை.

'மானன்பர்க்' 1974-இல் கேப் டவுனில் பதிவானது. இதற்குள் நுழைய 'மராபி' என்ற சொல் தெரிய வேண்டும். 1920, 30-களில் ஜோஹானஸ்பர்க் சேரிகளின் சாராயக் கொட்டகைகளில் பியானோவிலும் பெடல் ஆர்மோனியத்திலும் இரவு முழுக்க வாசித்த இசை. நான்கு பார், நான்கு கார்ட், விடியும்வரை அதே சுற்று. யாரும் எழுதி வைக்கவில்லை, அந்த வாத்தியக்காரர்கள் பலரின் குரல் தட்டிலும் ஏறவில்லை. அந்த நான்கு பாரைத்தான் இப்ராஹிம் எடுத்துக்கொண்டார். கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதி 1966-இல் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டு, அறுபதாயிரம் பேருக்கு மேல் வீடிழந்து வெளியேற்றப்பட்டார்கள். அப்படித் துரத்தப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் கொட்டின மணல்மேடுகளில் ஒன்று மானன்பர்க். பாட்டில் கோபமே இருக்காது. நிதானமாக, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போல நடக்கும். பாஸில் கட்ஸியா என்பவரின் டெனர் சாக்ஸபோன் உள்ளே வந்ததும், சொந்த வீட்டைத் திரும்பக் கேட்கிற குரல் அது என்று புரியும். அந்த ஒரு வாசிப்புக்காகவே அவருக்குப் பாஸில் 'மானன்பர்க்' கட்ஸியா என்று பெயர் நிலைத்தது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வீட்டைக் காலி செய்யவைத்த கதை எங்கள் வீட்டிலும் உண்டு. ஆகவே இந்தத் தட்டை நான் விலகி நின்று எடை போட முடியாது.

அதே கட்ஸியாவோடு வாசித்த பியானோக்காரர் ஒருவர் இருக்கிறார், லயனல் பிள்ளை. ஆம், நம் பிள்ளைதான். 'மானன்பர்க்' வெளிவந்த அதே அஷ்ஷம்ஸ் நிறுவனம் அவருடைய தட்டையும் வெளியிட்டது. இந்திய மெட்டு, சித்தார் வாசனை எதுவும் தேடாதீர்கள், இருக்காது. அவர் இந்த நாட்டு ஜாஸ்காரர், அவ்வளவுதான். நம்மவர் என்பதற்காக ஒருவர் வீணையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டுமா என்ன? தீட்சிதரே இங்கிலீஷ் பேண்டு மெட்டுகளைக் கேட்டு சங்கராபரணத்தில் நோட்டு சாகித்யம் பாடி வைத்தவர்தானே. புல்லாங்குழலை ஜாஸுக்குள் கொண்டுபோனவர் வேண்டுமானால் தீபக் ராம் இருக்கிறார், ஹரிபிரசாத் சௌராசியாவின் சீடர், இந்த நாட்டுக்காரர். அதையும் கேளுங்கள், ஆனால் பிறகு.

முதலில் 'சோ வாட்', ஆதி தாளத்தோடு, ஒரு வாரம். அப்புறம் 'மை ஃபேவரிட் திங்ஸ்' பாட்டை நாடகத் தட்டில் கேட்டுவிட்டு, அதே நாளில் கோல்ட்ரேன். ஷகோனுக்கு ஒரு இரவை ஒதுக்குங்கள். நடுவில் எண்ணிக்கை தொலைந்தால் சாக்ஸபோனை விட்டுவிட்டு பாஸைப் பிடியுங்கள். சுற்று எங்கே இருக்கிறது என்பது அந்த ஆளுக்கு எப்போதும் தெரியும். ஃபோன் ஸ்பீக்கரில் பாஸ் கேட்கவே கேட்காது, அதனால் ஹெட்ஃபோன் வேண்டும். ஜாஸ் புரியவில்லை என்கிறவர்களில் பாதிப் பேருக்கு வியாதி ஸ்பீக்கரில்தான்.

லயனல் பிள்ளையை மட்டும் என் வீட்டில் வந்து கேளுங்கள். சனிக்கிழமை தமிழ் வகுப்பு பன்னிரண்டுக்கு முடிந்துவிடும், அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வரலாம். தட்டில் ஒரு கீறல் இருக்கிறது. அந்த இடம் வந்ததும் ஊசி சிக்கி அதே இரண்டு பாரையே போட்டுக்கொண்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து தள்ளிவிட ஓர் ஆள் வேண்டும்.